பில்லில் வரி என்று எழுதிய காசு

நீங்கள் எழுதியிருப்பதை என் சொல்லில் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். காரைக்குடியில் அப்பா பலகாரக் கடை நடத்துகிறார். தேன்குழல், மணகோலம், கைமுறுக்கு எல்லாவற்றையும் பாக்கெட் போட்டு, லேபிள் ஒட்டி விற்கிறீர்கள். 2025 செப்டம்பர் 22-ல் அந்த பாக்கெட்டுகளுக்கு ஜிஎஸ்டி வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பில் மிஷினில் அதை யாரும் மாற்றவில்லை. ஜனவரி கடைசி வரைக்கும் 12 என்றே பில் போனது. ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் பில்லைத் திருப்பிப் பார்த்து, “அதிக வரி வாங்கினா ஜெயிலுக்குப் போகணும் தெரியுமா” என்று கடை வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். எவ்வளவு அபராதம் வரும், அப்பாவுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்கிறீர்கள்.

இதற்கு நேராகப் பதில் சொல்ல, உங்கள் கேள்வியில் இல்லாத ஒரு விவரம் வேண்டும். 12 வாங்கினீர்கள், சரி. ரிட்டர்னில், அதாவது அரசுக்குப் போடும் வரிக் கணக்கில், எத்தனை கட்டினீர்கள்? இந்தச் சட்டத்தில் கடைக்காரரின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது. அதிகமாக வாங்கியதற்காக வரும் தண்டனை சின்னது. வாங்கியதைக் கையில் வைத்திருப்பதற்கு வரும் தண்டனைதான் பெரியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் கடை வாசலில் சத்தம் போடுகிறவரும் பயமுறுத்துகிறார், கல்லாவில் உட்கார்ந்திருப்பவரும் பயப்படுகிறார்.

நான் வழக்கறிஞர் இல்லை. விற்பனை வரி, அப்புறம் வாட், அப்புறம் ஜிஎஸ்டி என்று இருபத்தெட்டு வருடமாக இந்தப் பக்கத்துக் கடைகளுக்குக் கணக்கும் ரிட்டர்னும் பார்க்கிறவன். உங்கள் பில்லையோ ரிட்டர்னையோ பார்க்காமல் எழுதுகிறேன். அதனால் எது உறுதி, எது வாதத்துக்கு உரியது என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். ஜிஎஸ்டி சட்டத்தில் 32-ஆம் பிரிவு இரண்டு விஷயம் சொல்கிறது. பதிவு இல்லாதவர் வரி என்று ஒரு பைசா வாங்கக் கூடாது. பதிவு உள்ளவரும் சட்டம் சொன்னபடி மட்டுமே வாங்கலாம். ஆகவே 5 இருக்க வேண்டிய இடத்தில் 12 வாங்கியது தப்புதான், தெரியாமல் நடந்தது என்றாலும். அடுத்து 76-ஆம் பிரிவு. யாரிடமாவது வரி என்று சொல்லி ஒரு தொகையை வாங்கிவிட்டு அரசுக்குக் கட்டாமல் இருந்தால், அதை உடனே கட்டியாக வேண்டும். விற்ற சரக்குக்கு வரி உண்டா இல்லையா என்ற பேச்சே அங்கே இல்லை. வரியே இல்லாத பொருளுக்கு வரி வாங்கியிருந்தாலும் கட்டத்தான் வேண்டும். கட்டவில்லை என்றால் நோட்டீஸ் வரும். அதில் அந்தத் தொகையைக் கேட்பார்கள், அதே அளவு தண்டம் ஏன் போடக் கூடாது என்றும் கேட்பார்கள். வட்டி தனி, வாங்கிய நாளிலிருந்து கட்டிய நாள் வரை ஆண்டுக்கு 18 சதவீதம்.

இப்போது உங்கள் கடைக் கணக்கைக் கையில் எடுப்போம். தொகை தெரியாததால் ஒரு எண் வைத்துக்கொள்கிறேன். வரி சேர்க்காமல் மாதம் 2,00,000 ரூபாய்க்கு பாக்கெட் பலகாரம், நாலு மாதத்துக்கு 8,00,000. பில்படி 12 சதவீதம் என்றால் வாடிக்கையாளர்களிடம் வரி என்று வாங்கியது 96,000. சரியான வரி 40,000. வித்தியாசம் 56,000.

ரிட்டர்னிலும் 12 என்றே போட்டு, 96,000-ஐயும் கட்டிவிட்டீர்கள் என்றால் 76-ஆம் பிரிவு உங்கள் பக்கம் வராது. வாங்கியது முழுக்க அரசிடம் போய்விட்டது. 32-ஐ மீறியதற்கு என்று தனி அபராதம் எதுவும் சட்டத்தில் எழுதப்படவில்லை. அதனால் எதிலும் அடங்காத மீறல்களுக்கான 125-ஆம் பிரிவு இருக்கிறது, 25,000 ரூபாய் வரை போடலாம். மத்தியச் சட்டம், மாநிலச் சட்டம் இரண்டிலும் அதே பிரிவு உண்டு என்பதால் இரண்டு பக்கமும் கேட்க இடம் இருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்த 126-ஆம் பிரிவு, சுலபமாகத் திருத்தக்கூடிய, மோசடி நோக்கம் இல்லாத சின்னத் தவறுக்குத் தண்டம் போடக் கூடாது என்கிறது. அதிகாரி கண்டுபிடிக்கும் முன்பே தானாக வந்து சொன்னவருக்குச் சலுகை காட்டலாம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. விகிதம் மாறிய மாதத்தில் மென்பொருளை மாற்றாமல் விட்டு, வாங்கியதை அப்படியே கட்டிய கடைக்கு 25,000 போட்டு நான் பார்த்ததில்லை. போடவே முடியாது என்று எழுதித் தர மாட்டேன்.

நான் அதிகம் பார்த்திருப்பது வேறு மாதிரி. கடையில் பில் போடுகிறவர் ஒருவர், ரிட்டர்ன் போடுகிறவர் வேறொருவர். ரிட்டர்ன் போடுகிறவர் செய்தி படிக்கிறவர். செப்டம்பர் 22 என்று தெரிந்து, மொத்த விற்பனையை வாங்கி, 5 சதவீதம் என்று போட்டு 40,000 கட்டியிருப்பார். பில்லை அவர் பார்த்திருக்கவே மாட்டார். கடைக்காரருக்கோ, “இந்த மாசம் வரி கம்மியா வந்திருக்கே, நல்லதுதான்” என்று ஒரு சந்தோஷம். அந்த 56,000 கல்லாவிலோ வங்கியிலோ சரக்காகவோ கலந்துவிட்டிருக்கும். உங்கள் கதை இதுவாக இருந்தால், இன்னும் நோட்டீஸ் வராத நிலையில் 56,000-ஐயும் வட்டியையும் நீங்களாகவே கட்டிவிடுங்கள். சராசரியாக மூன்று மாதத் தாமதம் என்று வைத்தால் வட்டி 2,500 ரூபாயை ஒட்டி வரும். போர்ட்டலில் தாமாகக் கட்டுவதற்கென்றே டிஆர்சி 03 என்ற படிவம் இருக்கிறது. நோட்டீஸ் வந்த பிறகு என்றால் அந்த 56,000-க்குச் சமமாக இன்னொரு 56,000 தண்டம் மேசைக்கு வந்துவிடும். சாதாரண வரிப் பாக்கி வழக்குகளில் நோட்டீஸ் வந்த பிறகு குறித்த நாளுக்குள் கட்டினால் தண்டம் குறையும் என்று சட்டத்திலேயே படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். 76-ல் அந்தப் படிக்கட்டு கிடையாது. நோட்டீஸ் எத்தனை வருடத்துக்குள் வர வேண்டும் என்ற கெடுவும் அந்தப் பிரிவுக்குள் எழுதப்படவில்லை. நோட்டீஸ் வந்தால் ஒரு வருடத்துக்குள் ஆணை போட வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கிறது. நாலு வருடம் போனால் மறந்துவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இதோடு 122-ஆம் பிரிவும் சேரும். வரி என்று வாங்கி, கட்ட வேண்டிய தேதியிலிருந்து மூன்று மாதம் தாண்டியும் கட்டாவிட்டால் 10,000 ரூபாய் அல்லது அந்தத் தொகை, இரண்டில் எது அதிகமோ அது தண்டம். மாத ரிட்டர்ன் போடுகிறவருக்குச் செப்டம்பர் வரி அந்தத் தடவை அக்டோபர் 25-க்குள் கட்ட வேண்டியது. அந்த மூன்று மாதம் ஜனவரி 25-லேயே முடிந்துவிட்டது. அவசரப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, காலண்டரைப் பார்த்துச் சொல்கிறேன்.

ஜெயில் விஷயத்துக்கு வருகிறேன். வாசலில் கத்தியவர் முழுக்கக் கற்பனையாகச் சொல்லவில்லை, 132-ஆம் பிரிவில் சிறை இருக்கத்தான் இருக்கிறது. வரி என்று வாங்கி மூன்று மாதம் தாண்டியும் கட்டாத தொகை 5 கோடி ரூபாய்க்கு மேல் என்றால் ஐந்து வருடம் வரை, 2 கோடிக்கு மேல் 5 கோடிக்குள் என்றால் மூன்று வருடம் வரை. முன்பு 1 கோடியிலிருந்தே தொடங்கியது, 2023 நிதிச் சட்டம் அந்த வாசற்படியை உயர்த்தியது. போலி பில் விவகாரத்துக்கு மட்டும் பழைய 1 கோடியே நிற்கிறது. இந்த 7 சதவீத வித்தியாசத்தில் மட்டும் 2 கோடி சேர வேண்டும் என்றால் நீங்கள் 28 கோடி ரூபாய்க்கு மேல் முறுக்கு விற்றிருக்க வேண்டும். அப்பாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள்.

சட்டம் ஏன் இப்படி, வாங்கியதைவிட வைத்திருப்பதில் கண்ணாக இருக்கிறது என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பொது விற்பனை வரி என்ற ஒன்றை நாட்டுக்கே காட்டிக்கொடுத்தது நம் சென்னை மாகாணம்தான், 1939-ல், ராஜாஜி மாகாணப் பிரதமராக, இன்றைய சொல்லில் முதலமைச்சராக, இருந்தபோது. சுதந்திரத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரே தகராறு வந்தது. வியாபாரி வரி என்று வாங்கிவிடுவார். பிறகு அந்தச் சரக்குக்கு வரியே இல்லை என்று வழக்குப் போட்டு ஜெயிப்பார். வாங்கிய காசு யாருக்கு? அரசு கேட்டால், “இது வரியே இல்லையே, நீ எப்படிக் கேட்பாய்” என்பார். வாடிக்கையாளரைத் தேடிக் கொடுக்கவும் மாட்டார். 1964-ல் அப்துல் காதர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வியாபாரி சொன்னதை ஏற்றது. வரியாக விதிக்க முடியாத தொகையை, வரி என்று வாங்கிவிட்டார் என்பதற்காக மட்டும் மாநிலம் பிடுங்க முடியாது என்றது. மாநிலங்கள் வேறு வழி தேடின. கட்டு என்று கேட்பதற்குப் பதிலாக, தப்பாக வாங்கினால் தண்டம், வாங்கியது பறிமுதல் என்று எழுதின. தமிழ்நாட்டின் 1959 பொது விற்பனை வரிச் சட்டத்தில் 22-ஆம் பிரிவு இந்த வகைதான். 1977-ல் அஜித் மில்ஸ் வழக்கில் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து, இப்படித் தண்டிப்பது செல்லும் என்று முடித்தார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு. இன்றைய 76-ஆம் பிரிவு அந்த இழுபறியின் பேரப்பிள்ளை. எந்தத் தீர்ப்போ ஆணையோ வேறு என்ன சொல்லியிருந்தாலும் சரி, கட்டு என்றுதான் அது ஆரம்பிக்கிறது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபம். பழைய கடைப் பேரேடுகளில் மகமை என்று ஒரு பக்கம் இருக்கும். விற்பனையில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று கோயிலுக்கோ தருமத்துக்கோ எடுத்து வைப்பது. அந்தப் பக்கத்து வரவைக் கடை லாபத்தில் சேர்த்து ஐந்தொகை போட்டால் கணக்குப்பிள்ளை அந்த வீட்டில் அடுத்த நாள் இருக்க மாட்டார். மகமைக்குத் தெரிந்த அந்தக் கூச்சம் வரிக்கு ஏனோ வருவதில்லை. நானும் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. 2017 நவம்பர் 15-ல் உணவகங்களுக்கு வரி 5 சதவீதமாக இறங்கியபோது நான் கணக்குப் பார்த்த ஒரு மெஸ்ஸில் பழைய 12-லேயே மூன்று வாரம் பில் போயிருந்தது. நான் ரிட்டர்னில் 5 போட்டுவிட்டேன். பில் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்காதது என் தப்பு. பிறகு முதலாளியும் நானும் உட்கார்ந்து கார்பன் பிரதிகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வித்தியாசத்தைக் கட்டினோம். அன்றிலிருந்து விகிதம் மாறுகிற மாதங்களில் ரிட்டர்னுக்கு முன்னால் பத்து பில்லாவது கேட்டு வாங்கிவிடுவேன்.

அடுத்தது வாதத்துக்கு உரிய இடம், உங்களுக்குக் கொஞ்சம் முக்கியமானது. உங்கள் பாக்கெட்டில் எம்ஆர்பி அச்சடித்திருப்பீர்கள். எம்ஆர்பி என்றால் எல்லா வரியும் உள்ளடங்கியது. 112 ரூபாய் பாக்கெட்டை 112-க்குத்தான் விற்றிருக்கிறீர்கள், மேலே வரி சேர்க்கவில்லை. பில்லின் அடியில்தான் விலை 100, மத்திய வரி 6, மாநில வரி 6 என்று பிரித்துக் காட்டியிருக்கிறது. சில ஆலோசகர்கள், 112-ஐ 105-ஆல் பிரித்து, விலை 106.67, வரி 5.33 என்று எடுத்துக்கொள்ளலாம், வாடிக்கையாளர் கொடுத்த மொத்தத் தொகை மாறவில்லையே என்பார்கள். நாம் எடுத்துக்கொண்ட கணக்கில் மொத்தம் வசூலான 8,96,000-க்கு அப்படிப் பார்த்தால் வரி 42,667 ரூபாய்தான். கேட்க நன்றாக இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வரி என்று வாங்கிய எந்தத் தொகையும் என்பதுதான் சட்டத்தின் சொல். நீங்களே அடித்த பில்லில் “வரி 12 ரூபாய்” என்று இருக்கும்போது, அதை விலை என்று பிறகு பெயர் மாற்றுவது கஷ்டம். அந்தச் சின்ன வெள்ளைச் சீட்டுதான் உங்களுக்கு எதிரான சாட்சி. பெரிய கம்பெனி என்றால் வாதாடிப் பார்க்கலாம். 56,000-க்காக ஒரு பலகாரக் கடை வாதாடப் போனால் வக்கீல் கட்டணம் அதைத் தின்றுவிடும்.

ஆனால் அதே 112 ரூபாய் பாக்கெட்டை, செப்டம்பர் 22-க்குப் பிறகு பில்லில் ஒழுங்காக 106.67 என்றும் 5.33 என்றும் காட்டி 112-க்கே விற்றிருந்தால் அது அதிக வரி வாங்கியது ஆகாது. விலையை ஏற்றியது ஆகும். இந்த இரண்டையும் வாடிக்கையாளர்கள் எப்போதும் குழப்பிக்கொள்கிறார்கள். வரி குறைந்த பலனை வாங்குகிறவருக்குக் கொடு என்று 171-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கென்று முதலில் ஓர் ஆணையம், 2022 டிசம்பரிலிருந்து இந்தியப் போட்டி ஆணையம் (சிசிஐ), பிறகு ஜிஎஸ்டி தீர்ப்பாயம் என்று கைமாறிக்கொண்டே வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்தப் பிரிவின் கீழ் புதிய புகார் வாங்குவதில்லை என்று அரசே அறிவித்துவிட்டது. ஆக செப்டம்பர் 2025 வரிக்குறைப்பைக் கொடுக்காதவர் மேல் அந்த வழி கிடையாது. விலையை ஏற்றினால் சட்டம் உங்களை விட்டுவிடலாம், வரி என்று எழுதினால் விடாது. விசித்திரமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எம்ஆர்பி போட்ட பாக்கெட்டுக்கு மேலே வரி என்று தனியாகச் சேர்த்து, 112 ரூபாய் பொருளை 117-க்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். அது ஜிஎஸ்டி விவகாரம் மட்டும் இல்லை, எடையளவுச் சட்டத்தின் பொட்டலப் பொருள் விதிகளை மீறியது. தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு. உங்களிடம் அது நடந்திருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும் ஒரு பில் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

வாங்கிய காசை வாடிக்கையாளர்களுக்கே திருப்பிக் கொடுக்கலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். யார் என்று தெரிந்தவர்களுக்குக் கொடுக்கலாம், அதுதான் உத்தமம். கல்யாணச் சீருக்கு மொத்தமாகப் பலகாரம் எடுத்தவர்கள், சென்னைக்கும் மலேசியாவுக்கும் வாங்கி அனுப்பும் வீடுகள், கேன்டீன்காரர்கள், இவர்களுடைய பெயரும் எண்ணும் உங்களிடம் இருக்கும். அந்தந்த பில்லுக்குக் கிரெடிட் நோட் (முன்பு போட்ட பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) போட்டு, வித்தியாசத்தைக் கையிலோ வங்கியிலோ திருப்பிக் கொடுத்து, ரிட்டர்னில் காட்டினால் உங்கள் வரிப் பொறுப்பும் அந்த அளவு குறையும். 2025-26 பில்களுக்கு 2026 நவம்பர் 30 வரை, அல்லது ஆண்டு ரிட்டர்ன் போடும் நாள் வரை, எது முந்தியோ அதுவரை நேரம் இருக்கிறது. காசைக் கொடுக்காமல் வெறும் கிரெடிட் நோட் மட்டும் போட்டால் செல்லாது. வாங்கியவரும் ஜிஎஸ்டி பதிவுள்ள கடையாக இருந்தால், உங்களுக்குக் கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொண்ட கிரெடிட்டை அவர் அந்த அளவு திருப்ப வேண்டும். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் உங்கள் மேல் வருத்தப்படுவார்.

கல்லாவில் காசு கொடுத்து பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போன ஆயிரம் பேரை எங்கே தேடுவது? முடியாது. அந்தக் காசு அரசிடம் போக வேண்டும். அங்கே சரியான வரிக்கு மேல் இருப்பது நுகர்வோர் நல நிதிக்குப் போகும், அல்லது சுமையைத் தாங்கியவர் கேட்டால் அவருக்குப் போகும். கேட்கும் உரிமை வாங்கினவருக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் 1,000 ரூபாய்க்குக் குறைவான தொகையைத் துறை திருப்பித் தராது. ஒரு பாக்கெட்டுக்கு 7 ரூபாய் என்றால் நூற்றுக்கணக்கில் பாக்கெட் வாங்கியவருக்குத்தான் அந்தக் கதவு. அதிகமாகக் கட்டிவிட்டேன், எனக்கே திருப்பிக் கொடு என்று கடைக்காரர் கேட்டால் கிடைக்காது. சுமையை அடுத்தவர் தலையில் ஏற்றியவருக்குத் திருப்பித் தந்தால் அது அவருக்கு வந்த இலவச லாபம் ஆகிவிடும் என்பது பழைய கொள்கை. 1996-ல் மஃபத்லால் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அதை உறுதி செய்தார்கள்.

இதைப் படிக்கும் வாடிக்கையாளர்களுக்கும் ஓரிரு வார்த்தை. பில்லில் வரி வாங்கியிருந்தால் பதினைந்து எழுத்து ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-ல் ஆரம்பிக்கும். எண்ணே இல்லாமல் வரி போட்டிருந்தால் கொடுக்காதீர்கள். எண் இருந்தால் போர்ட்டலில் தட்டிப் பார்க்கலாம். காம்போசிஷன் (சின்ன வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் கட்டும் திட்டம்) என்று வந்தால் அவர் உங்களிடம் தனியாக வரி வாங்கவே கூடாது. வரியை அவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், கடையில் அதை எழுதியும் வைத்திருக்க வேண்டும். சின்ன மெஸ்களில் இந்தத் தப்பு நிறைய. காம்போசிஷனில் இருந்துகொண்டே பில்லில் இரண்டரை, இரண்டரை என்று போடுவார்கள். கேட்டால், “எல்லாரும் போடறாங்க சார்” என்பார்கள்.

அதே நேரம் 18 சதவீதம் என்று பார்த்தவுடன் கொள்ளை என்று கத்தவும் வேண்டாம். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை விடுதியாக மாற்றியிருக்கிறார்களே, அங்கே ஒரு அறையின் வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போயிருந்தால் அந்த வளாகத்து உணவகத்தில் சாப்பாட்டுக்கு 18 வாங்குவது முறைதான். தெருவுக்கு எதிர்ப்பக்கம் உள்ள கடையில் அதே கோழி வறுவலுக்கு 5. இரண்டும் சரி. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்பவர்கள் விஷயம் இன்னும் நுணுக்கம். பழைய சாமானுக்கு, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல் மட்டும் வரி கட்டும் வசதி விதியில் இருக்கிறது. வாடிக்கையாளரிடம் முழு விலைக்கும் வரி வாங்கிவிட்டு, துறைக்கு வித்தியாசத்தின் மேல் மட்டும் கட்டினால், மறுபடியும் அந்த 76 வந்து நிற்கும்.

புகார் சொல்ல நினைப்பவருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2025 வரிக்குறைப்புக்குப் பிறகு ஜிஎஸ்டி புகார்களுக்கென்று அதில் தனிப் பிரிவே வைத்தார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. 7 ரூபாய்க்காக யாரும் போக மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கோபம் வந்தவர் போவார். அதனால் உங்கள் கடையில் சத்தம் போட்டவரைத் தெரியும் என்றால் முதல் கிரெடிட் நோட்டை அவருக்கே போடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இன்று இரவே தொடங்கட்டும். செப்டம்பர் 22 முதல் பில்படி வாங்கிய வரியை மாதவாரியாக எடுங்கள், பக்கத்திலேயே ரிட்டர்னில் கட்டியதை எழுதுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் அந்தக் காகிதத்தில் தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள். சமமாக இல்லாவிட்டால் ஆடிட்டரை எழுப்புங்கள். அப்புறம் பில் மிஷினில் பொருள் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் காரத்துக்கும், அதிரசம், மாவுருண்டை போன்ற இனிப்புக்கும் முன்பிருந்தே 5தான், அவற்றைத் தொட வேண்டாம். பாக்கெட் காரத்தில்தான் பழைய 12 ஒளிந்திருக்கும். போன மாதம் தேவகோட்டையில் ஒரு கடையில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம் என்று சொன்னார்கள். பட்டியலை உருட்டிக்கொண்டே போனேன். கால் கிலோ மணகோலம் 5, அரைக் கிலோ மணகோலம் 12.